மைனஸ் இருபத்தாறில் ஒரு துவக்கு

சோதித்துப் பார்க்காத எந்தப் பொருளையும் என்னால் நம்ப முடியாது. இதை ஒரு நல்ல குணம் என்றே நீண்ட காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். புதுக் குடை வாங்கினால், வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் ஷவருக்குக் கீழே அதை விரித்துப் பிடித்தபடி ஐந்து நிமிடம் நிற்பேன். புது மணிக்கூடு வாங்கினால், பழைய மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் வைத்து வேவு பார்ப்பேன்.

குற்றம் என்னுடையதல்ல, தொழிலுடையது. டென்மார்க்கில், ஓல்போர்க் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். அறுவைச் சிகிச்சைக்குப் போகும் கத்தரிக்கோல், இடுக்கி, சுத்தியல் (ஓம், எலும்பு டொக்டர்மாருக்குச் சுத்தியலும் வேணும்) எல்லாவற்றையும் கழுவி, மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, பொதிசெய்து, ஆவியில் அவித்து அனுப்பும் பகுதி எங்களுடையது. ஒவ்வொரு பொதியிலும் ஒரு நாடா ஒட்டியிருக்கும். சூடு சரியாக ஏறியிருந்தால் நாடாவில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாத பொதியை யார் வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டோம். இருபது வருடம் இப்படிக் கோடு பார்த்துப் பார்த்தே வாழ்ந்த ஒருத்தியிடம் ஒரு ரைபிள் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். ஓல்போர்க் தமிழ்ச் சனத்தில் பாதிப் பேர் இதை எனக்கு முன்னமே ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள். அவர்கள் சொல்லும் கதையில் ஹெலிகொப்டர் எல்லாம் வரும். ஹெலிகொப்டர் வரவில்லை.

என்னை வேட்டைக்கு இழுத்தவள் ஹன்னே. எங்கள் பகுதியில் என் பக்கத்து மேசை. அறுபது வயது, பேச்சுக் குறைவு, சாப்பாட்டுப் பெட்டியில் எப்போதும் தானே சுட்ட மானின் இறைச்சி. ஓர் இலையுதிர் காலத்தில் காட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோனாள். மரங்களுக்கு நடுவே மூன்று மணித்தியாலம் யாரும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். வேலை இடத்தில் இயந்திரச் சத்தம், வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம், மாதா கோயிலில் பாடகர் குழுச் சத்தம் என்று பழகிய எனக்கு அந்த மூன்று மணித்தியாலம் போதுமாயிருந்தது. அடுத்த குளிர்காலமே வேட்டைப் படிப்பில் சேர்ந்தேன். வாத்துகளின் பெயர்களை எல்லாம் டேனிஷில் பாடமாக்கிப் பரீட்சை பாஸ் பண்ணி, ஒரு ஷொட்கன்னும் வாங்கினேன். ஒரு வாத்தைக் குறிவைத்தேன். வாத்து நலமாக இருக்கிறது.

என் கணவர் யூட் ஓல்போர்க்கில் பஸ் ஓட்டுகிறார். மன்னார்க்காரர், பொறுமைசாலி. அவருடைய உலகம் மீனும், மீன் வைக்கிற ஃபிரீசரும்தான். நான் ஷொட்கன் வாங்கியபோது பேசாமல் இருந்தவர், இரண்டு வருடம் கழித்து ரைபிளும் வாங்கப்போகிறேன் என்றதும் வாயைத் திறந்தார்.

"இஞ்சரும் ரெஜினா, துவக்குக்குப் பயந்து வள்ளத்தில ஏறின சனம் நாங்கள். நீர் இப்ப வரிசையில நிண்டு துவக்கு வாங்கப் போறீரோ?"

"இது வேற துவக்கு. மிருகத்துக்கு."

"எல்லாத் துவக்குக்கும் ஓட்டை முன்னுக்குத்தான்" என்றுவிட்டு மீன் வெட்டப் போய்விட்டார்.

ரைபிள் தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. ஹன்னேயின் தம்பி வட சுவீடனில், வரைபடத்தில் பெயர்கள் முடிகிற இடத்தில் வசிக்கிறார். ஜனவரியில் எல்க் வேட்டைக்கு வா என்று ஹன்னே அழைத்தாள். எல்க் என்றால் மான்தான். ஆனால் அதன் உயரத்துக்கு எங்கள் வீட்டு வாசலுக்குள் நுழையாது. வாத்துச் சுடுகிற ஷொட்கன்னைக் கொண்டு அதற்கு முன்னால் போய் நிற்க முடியாது. "அங்கே மைனஸ் இருபத்தைந்து, முப்பது வரும். நல்ல ரைபிளாகப் பார்த்து வாங்கு" என்று ஹன்னே சொன்னாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

வேட்டைச் சாமான் கடை நகரத்துக்கு வெளியே இருந்தது. கடைக்காரர் பெயர் குர்ட். தாடி நெஞ்சு வரை. நான் இரண்டு பக்கக் கேள்விப் பட்டியலோடு போனேன். குளிரில் விசை இறுகுமா? மரப்பிடி ஈரத்தில் ஊதுமா? தோட்டாக் கூட்டின் பிளாஸ்டிக் வெடிக்குமா? தடித்த கையுறையோடு பாதுகாப்புப் பூட்டைத் தள்ள முடியுமா? கடைசிக் கேள்விக்கு வாயால் பதில் சொன்னால் நான் நம்பமாட்டேன் என்பதால் கையுறையும் கொண்டுபோயிருந்தேன். வேட்டைக் கையுறை இன்னும் வாங்கவில்லை. ஆகவே கேக் தட்டை அடுப்பிலிருந்து எடுக்கும் பூப்போட்ட கையுறை. சூரியகாந்திப் பூ. அதை மாட்டிக்கொண்டு கடையில் இருந்த ரைபிள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். கடையில் நின்ற மற்ற இரண்டு ஆண்களும் திடீரென்று காலணிகளைப் பார்க்கப் போனார்கள்.

கடைசியில் குர்ட் இரண்டை மேசையில் வைத்தார். ஒன்று பழையது, மரப்பிடி, ஏற்கனவே இரண்டு கை மாறியது, உடம்பெல்லாம் கீறல். மற்றது புதியது, துருப்பிடிக்காத உருக்குக் குழல், கறுப்புப் பிளாஸ்டிக் பிடி. அந்த உருக்கைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ உருகியது. கத்தரிக்கோலிலிருந்து எலும்புச் சுத்தியல் வரைக்கும் நான் தினமும் கையாளும் அதே உலோகம், அதே மங்கிய வெள்ளை மினுக்கம்.

"எது குளிருக்கு நல்லது?" என்று கேட்டேன்.

"இரண்டும் நல்லதுதான்" என்றார் குர்ட். (டேனிஷில் கடைக்காரருக்கும் கர்த்தருக்கும் ஒரே 'நீ'தான். அவர் என்னை 'நீ' என்றதில் குறையில்லை.) "குளிரில் ரைபிள் பழுதாவதில்லை. அதிலுள்ள எண்ணெய்தான் இறுகும். இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் போய் உறையும். போல்ட்டில் இருக்கிற எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடு. குளிரில் கிடந்ததைச் சூட்டுக்குள் கொண்டுவராதே. கொண்டுவந்தால் வியர்க்கும். வியர்த்தால் முழுதாகக் காயும் வரை திரும்பக் குளிருக்குள் கொண்டுபோகாதே."

எண்ணெயைப் பற்றிச் சொன்னதை எழுதி, இரண்டு தரம் கோடும் போட்டேன். (போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற உருக்குத் தண்டு.) வியர்ப்பதைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் அப்போது நான் உருக்குக் குழலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

பொலிஸ் அனுமதி வரச் சில கிழமைகள் ஆயின. டிசம்பர் தொடக்கத்தில் ரைபிள் எங்கள் வீட்டு நிலவறைக்கு வந்துசேர்ந்தது. அங்கே சலவை அறையில், சுவரோடு ஆணியடித்த இரும்பு அலுமாரியில், ஷொட்கன்னுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் யூட் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு கேள்வி கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அந்தக் குளிரில வேலை செய்யும் எண்டு ஆர் சொன்னது? கடைக்காரனே?"

அவ்வளவுதான். இரண்டு நாள் எனக்கு நித்திரை இல்லை. கடைக்காரன் சொன்னான்! கோடு விழுந்ததா? இல்லை. அந்த டிசம்பரில் டென்மார்க்கில் வெளியே வைத்துச் சோதிக்கவும் வழியில்லை. ஏழு பாகை, மழை. மறுநாள் ஆறு பாகை, மழை. ஹன்னேயின் தம்பி அங்கே மைனஸ் இருபத்தாறு என்று செய்தி அனுப்பியிருந்தார். எனக்குத் தெரிந்து ஓல்போர்க்கில் அந்தக் குளிர் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் சலவை அறையில், ஆயுத அலுமாரிக்கு நேர் எதிரே, ஒன்றரை மீற்றர் நீளத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

அதற்குள் யூட்டின் மீன் பொதிகளும், மேலே முந்நூறு ரோல்ஸும் இருந்தன. ரோல்ஸ் எங்களுடையதல்ல. கோயிலில் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் நத்தார் ஒன்றுகூடலுக்காக, கோயில் பெண்களில் மூத்த அன்னம்மா அக்கா வீட்டில் ஐந்து பெண்கள் சேர்ந்து உள்ளே கறி வைத்து உருட்டி, ரஸ்க் தூள் பூசி, பொரிக்க வேண்டியது மட்டும் மிச்சம் என்ற நிலையில், பெரிய ஃபிரீசர் என்பதால் எங்கள் வீட்டில் வைத்திருந்தார்கள்.

எனக்கு விடுமுறையான ஒரு நாள், யூட் முதல் பஸ்ஸை எடுக்கப் போன பிறகு, சோதனைக் குறிப்பு எழுத ஒரு கொப்பியைத் திறந்தேன். சுகாதாரம் எனக்குத் தொழில். ஆகவே ரோல்ஸ் பெட்டிகளை இரண்டு மடிப்புப் பொலித்தீனால் சுற்றினேன். ரைபிளைச் சுற்றவில்லை, சுற்றினால் குளிர் ஏற நேரமெடுக்கும். ஃபிரீசரின் விசையை ஆகக் கூடிய குளிருக்குத் திருப்பி, ஒரு வெப்பமானியையும் உள்ளே வைத்து, வெறும் ரைபிளைப் பின்பக்கச் சுவரோடு சேர்த்துப் படுக்கவைத்தேன். அந்தச் சுவரில் மூன்று வருட ஐஸ். (நத்தார் முடிஞ்ச உடன துப்புரவாக்குவம் எண்டு ஒவ்வொரு நத்தாருக்கும் சொல்லுவம்.) சலவை அறையைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலே போய்த் தேநீர் குடித்தேன்.

மூன்று மணித்தியாலம் கழித்து வெளியே எடுத்து போல்ட்டை இழுத்தேன். அது வந்தது, ஆனால் யோசித்து யோசித்து வந்தது. கொப்பியில் நேரத்தை எழுதி, பக்கத்தில் டேனிஷில் 'தேன்' என்று குறித்தேன். தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் தேனாக இறுகியிருந்தது. கடைக்காரர் சொன்னது சரி, நான் சோதித்ததும் சரி! ரைபிளை ஓடிக்கொண்டிருந்த உடுப்பு உலர்த்தும் இயந்திரத்தின் மேல் வைத்து, போல்ட்டைக் கழற்றி ஸ்பிரிட்டால் எண்ணெயைத் துடைத்தெடுத்தேன். அதற்குள் ரைபிள் முழுக்க வெள்ளைப் பூ பூத்து, பிறகு அது தண்ணீராகி வழிந்தது. வெளிப்பக்கத்தை ஒரு துவாயால் ஒற்றினேன். உள்பக்கத்தை நினைக்கவில்லை. இரண்டாம் சோதனைக்கான உற்சாகத்தில் அப்படியே திரும்பக் கொண்டுபோய் ஐஸ் சுவரோடு சாத்தி மூடியைப் போட்டேன்.

பதினொரு மணியளவில் அன்னம்மா அக்கா வந்தா. மறுநாள் ஒன்றுகூடல், ரோல்ஸை எடுக்க வந்திருந்தா. அவவைச் சமையலறையில் இருத்தி, "கொஞ்சம் பொறுங்கோ அக்கா" என்று தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கையில் மணி அடித்தது. வாசலில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். நல்ல உயரம், எங்கள் வாசலுக்கு எல்க் வந்து நின்றாற்போல.

"உன் ஆயுதங்கள் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வந்திருக்கிறேன். கடிதம் கிடைத்திருக்குமே?"

கடிதம் எனக்கு டிஜிட்டல் தபால்பெட்டியில் கிடைத்திருந்தது. நான் திறக்காத பதினான்கு கடிதங்களில் அதுவும் ஒன்று என்பது பிறகு தெரிந்தது.

"ஆர் பிள்ளை?" என்று சமையலறையிலிருந்து அன்னம்மா அக்கா.

"பொலிஸ், அக்கா."

"மாதாவே! யூட் பஸ்ஸை எங்கயும் கொண்டுபோய் இடிச்சுப்போட்டானோ?"

மூவரும் நிலவறைக்கு இறங்கினோம். அன்னம்மா அக்காவை யாரும் அழைக்கவில்லை. ஆனால் பொலிஸ் வந்த வீட்டில் தனியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருக்க அவவால் முடியாது. அலுமாரியைத் திறந்தேன். ஷொட்கன் நின்றது. பொலிஸ்காரர் தன் காகிதத்தைப் பார்த்தார்.

"இரண்டு இருக்க வேண்டும். ரைபிள் எங்கே?"

இங்கே ஒரு மொழிச் சிக்கலைச் சொல்லவேண்டும். டேனிஷில் ஃபிரீசருக்கு 'ஃப்ரூசர்' என்று பெயர். 'எனக்குக் குளிருது' என்பதற்கும் 'ஃப்ரூசர்' என்ற சொல்தான் வரும். வாக்கியத்தை ஒழுங்காகக் கட்டினால் குழப்பமில்லை. நான் கட்டவில்லை. எனக்கு அந்த நேரம் வாய்க்கு வந்தது ஒரே ஒரு சொல்.

"ஃப்ரூசர்" என்றேன்.

அவர் முகம் கனிந்தது. "ஓ, குளிருகிறதா? கதவைச் சாத்திவிடலாம்" என்று சொல்லி, சாத்தியும் விட்டார். "இப்போது சொல். ரைபிள் எங்கே?"

"ஃப்ரூசர்!"

"பதற்றப்படாதே. சிலருக்குப் பொலிஸைக் கண்டால் நடுக்கம் வரும். ஆறுதலாகச் சொல்."

அதற்குள் அன்னம்மா அக்கா, வந்த வேலையைப் பார்ப்போம் என்று ஃபிரீசர் மூடியைத் தூக்கி ஒரு ரோல்ஸ் பெட்டியை வெளியே எடுத்துவிட்டா. பிறகு உள்ளே எட்டிப் பார்த்தா. மெல்லத் திரும்பினா.

"பிள்ளை," என்றா மிகவும் அமைதியாக, "உன்ர ஃபிரீசருக்குள்ள துவக்கு கிடக்கு."

பொலிஸ்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவவின் முகத்தை வாசிக்க எந்த மொழியும் தேவையில்லை. அவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"சோதனை" என்றேன். சுவீடனைப் பற்றி, மைனஸ் இருபத்தாறைப் பற்றி, எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். சான்றாகக் கொப்பியையும் நீட்டினேன். அவர் அதைக் கவனமாக வாசித்தார்.

"'தேன்' என்று எழுதியிருக்கிறதே. தேனும் உள்ளே இருக்கிறதா?"

"இல்லை. அது போல்ட்டின் நிலைமை."

அவர் கொப்பியை மூடினார். "வெளியே எடு. இலக்கத்தைப் பார்க்க வேண்டும்."

இழுத்தேன். வரவில்லை. ஈரத்தோடு சாத்தியதால் ரைபிள் மூன்று வருட ஐஸோடு சேர்ந்து சுவரின் ஓர் அங்கமாகியிருந்தது. முந்நூறு ரோல்ஸும் வெளியே வந்தன: சலவை இயந்திரத்தின் மேல், இஸ்திரி போடும் மேசையில், படிகளில். யூட்டின் மீன்களும் வந்தன. நான் மர அகப்பையால் ஐஸைக் கொத்தினேன். பிறகு மேலே ஓடிப்போய்த் தலைமயிர் உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்தேன். என் கை பின்சுவர் வரை எட்டவில்லை. பொலிஸ்காரர் சில நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கொடு" என்று கையை நீட்டினார். சீருடையோடு இடுப்பு வரை எங்கள் ஃபிரீசருக்குள் குனிந்து, என் ஊதா நிற உலர்த்தியால் என் ரைபிளுக்குச் சூடு காட்டினார்.

"மெல்ல அடிக்கச் சொல்லு பிள்ளை" என்றா அன்னம்மா அக்கா. "அடியில நாலு கணவாய்ப் பொதி கிடக்கு, உருகிப்போடும்."

கால் மணித்தியாலம் கழித்து அது ஓர் ஐஸ் பாளத்தையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. இலக்கம் இருந்த இடத்தில் உறைபனி மூடியிருந்தது. உதவி செய்யும் ஆர்வத்தில் நான் ஈரப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தேன். பனி விலகியது. இலக்கம் தெரிந்தது. அவர் காகிதத்தோடு ஒப்பிட்டார்.

"சரி. இனி ஆயுதத்தைக் கீழே வை."

நான் வைக்கப் பார்த்தேன். பெருவிரல் வரவில்லை.

"வைக்க முடியாது" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். அதுவரை இருந்த இளக்கம் குரலில் இல்லை. "ஆயுதத்தைக் கீழே வை."

"முடியாது!"

"என்னவாம்?" என்றா அன்னம்மா அக்கா.

"துவக்கைக் கீழ வைக்கட்டாம்."

"வையன் பிள்ளை! பொலிஸ் சொல்லுறாரெல்லே!"

"வைக்க ஏலாது அக்கா, ஒட்டிப்போச்சு!"

அந்த ஒரு கணத்தில் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. சீருடை போட்ட ஒருவருக்கு முன்னால் கையில் துவக்கோடு நிற்கிறேன். இந்த நிலைமைக்கு வந்துவிடக்கூடாது என்றுதானே எங்கள் ஆட்கள் கடல் கடந்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு கையால் பெருவிரலைச் சுட்டிக் காட்டினேன். அவர் பார்த்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். உலர்த்தியை மறுபடி எடுத்து, குழந்தைக்குக் காயம் கழுவுவதுபோல மெல்ல மெல்ல என் பெருவிரலுக்குச் சூடு காட்டினார். கொஞ்சம் தோலை விட்டுவிட்டு விரல் வந்தது.

அதோடு முடியவில்லை. ரைபிள் வெறுமையாக இருக்கிறதா என்று போல்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும். போல்ட் அசையவில்லை. இந்த முறை தேனும் இல்லை, கல். அதைப் பார்க்காமல் அவர் போக முடியாது. உருகும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். ரைபிளை ஒரு துவாயில் கிடத்திவிட்டு, அவர் கவிழ்த்துவைத்த வாளியில் உட்கார்ந்தார். நான் படியில், ரோல்ஸுக்கு நடுவே உட்கார்ந்தேன்.

"இதை நான் மேலிடத்துக்கு எழுதினால், உன் அனுமதி போகலாம்" என்றார். அதட்டவில்லை. தகவலாகச் சொன்னார்.

நான் தலையாட்டினேன். யூட்டுக்கு என்ன சொல்வது, ஹன்னேயின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடத்துப் படிப்பும் பரீட்சையும் காட்டின் அமைதியும் ஒரு பெருவிரலில் போகப்போகிறது.

மேலேயிருந்து பொரிக்கும் மணம் இறங்கியது. உருகிய ரோல்ஸைத் திரும்ப உறையவைக்க முடியாது என்பதால் அன்னம்மா அக்கா எங்கள் சட்டியிலேயே பொரிக்கத் தொடங்கிவிட்டா. தட்டில் நான்கைக் கொண்டுவந்து பொலிஸ்காரருக்கு நீட்டினா. வேலை நேரத்தில் எதுவும் வாங்கக்கூடாது என்று அவர் மறுத்தார். மூன்று தரம் நீட்டினா, மூன்று தரமும் மறுத்தார்.

"நல்ல மனிசன்தான்," என்றா என்னிடம். "ஆனா, பொரிச்ச கையோட குடுத்த ரோல்ஸை வேண்டாம் எண்ட ஆளை இண்டைக்குத்தான் காணுறன்."

அப்போதுதான் யூட் வேலை முடிந்து வந்தார். வாசலில் பொலிஸ் காரைக் கண்டு ஓடி வந்திருக்கிறார்; மூச்சு வாங்கியது. நிலவறைப் படியில் நின்று கீழே பார்த்தார். வாளியில் பொலிஸ்காரர். பெருவிரலில் கட்டோடு மனைவி. துவாயில் சொட்டிக்கொண்டிருக்கும் ரைபிள். கடைசியாக இஸ்திரி மேசையைப் பார்த்தார்.

"என்ர மீனை ஆர் வெளியில எடுத்தது?" என்றார்.

முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு போல்ட் திறந்தது. உள்ளே வெறுமை, ஒரு கரண்டி தண்ணீர் மட்டும். பொலிஸ்காரர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். நான் வீட்டில்தான் இருந்தேன், அறை பூட்டியிருந்தது, திறப்பு என்னிடம் இருந்தது, தோட்டா அலுமாரியில் தனியாக இருந்தது. ஆகவே இந்த முறை வாய் எச்சரிக்கை என்றார். "ஆனால் ஒன்று. ஃபிரீசர் ஆயுத அலுமாரி அல்ல." இதைச் சட்டத்தை வாசிப்பதுபோலச் சொன்னார். அப்படியொரு வாக்கியத்தைத் தன் வாழ்க்கையில் சொல்ல வேண்டி வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

மறுநாள் ஒன்றுகூடலில், நான் கோயில் மண்டபத்துக்குள் நுழையும்போது கதை ஏற்கனவே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது. ரோல்ஸைக் கடித்த ஒவ்வொருவரும் ஒருதரம் நிறுத்தி மூக்கைச் சுருக்கி, "துவக்கெண்ணெய் மணக்குதோ?" என்று கேட்டார்கள். மணக்கவில்லை. முந்நூறும் முடிந்தது.

ஜனவரியில் சுவீடனுக்குப் போனேன். மைனஸ் இருபத்துநாலு. இந்த முறை குர்ட் சொன்னதெல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். ரைபிளை ஒருபோதும் சூட்டுக்குள் கொண்டுவரவில்லை. இரவில் சூடேற்றாத களஞ்சிய அறையில், பூட்டிய பெட்டிக்குள் கிடந்தது. காலையில் போல்ட்டை இழுத்தால் ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோல்போல வழுக்கி வந்தது. இரண்டாம் நாள் நான் ஒரு பைன் மரத்தடியில் உட்கார்ந்திருக்க, காதில் மாட்டியிருந்த வோக்கிடோக்கியில் ஹன்னேயின் குரல் கிசுகிசுத்தது.

"ரெஜினா. உனக்கு நேர் முன்னால். நிற்கிறது."

"எது?"

"எல்க்!"

கழுத்துச் சால்வைக்குள்ளிருந்து வந்த என் மூச்சு மேலே ஏறி மூக்குக்கண்ணாடியில் படிந்து உறைந்திருந்தது. எனக்கு முன்னால் இருந்தது முழுக்க வெள்ளையான ஓர் உலகம். கையுறையால் தேய்த்தேன், இன்னும் வெள்ளையானது. ஐம்பது மீற்றரில், வீட்டு வாசலுக்குள் நுழையாத அந்த மிருகம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் பாட்டில் நடந்து போனதாம். எனக்குக் கிளை முறிகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் குளிருக்கு நான் சோதித்துப் பார்க்காமல் கொண்டுபோன ஒரே சாமான் நான்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வாக்கியம் நிலைத்துவிட்டது. யூட்டிடம் தொலைக்காட்சி றிமோட்டைக் கீழே வைக்கச் சொன்னால், "வைக்க ஏலாது, ஒட்டிப்போச்சு" என்பார். ஓகூஸ் நகரத்தில் படிக்கும் எங்கள் மகள் நான் தமிழில் எது கேட்டாலும் டேனிஷில்தான் பதில் சொல்லுவாள். ஆனால் சாப்பாட்டு மேசையில் கைத்தொலைபேசியை வை என்று நான் அதட்டினால் மட்டும், மன்னார் உச்சரிப்புப் பிசகாமல், அதே வாக்கியம் அவள் வாயிலிருந்து வரும்.

சில வருடங்களுக்குப் பிறகு என் ஆயுத அனுமதியைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. இந்த முறை கடிதத்தைத் திறந்து வாசித்து, நாளைக் குறித்து வைத்துக் காத்திருந்தேன். வந்தவர் வேறொரு பொலிஸ்காரர். இளைஞர், முன்பின் பார்த்திராதவர். அலுமாரியைத் திறந்து காட்டினேன். ஷொட்கன், ரைபிள், இரண்டும் அதனதன் இடத்தில். தோட்டாக்கள் தனியாகப் பூட்டி. இலக்கங்களை ஒப்பிட்டு, எல்லாம் மிகச் சரியாக இருக்கிறது என்று பாராட்டினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பேனாவை மூடப்போனவர், காகிதத்தின் அடியில் எதையோ வாசித்து, தயங்கி, எதிர்ச் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"தவறாக நினைக்காதே" என்றார் மிகவும் மரியாதையாக. "ஃபிரீசரையும் ஒருமுறை திறந்து காட்ட முடியுமா?"

நான் பதில் சொல்லுமுன் யூட் முன்னால் போய் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். இளைஞர் குனிந்து பார்த்தார். ஒரு கணவாய்ப் பொதியைத் தூக்கி அதன் அடியிலும் பார்த்தார். பிறகு அதை எடுத்த இடத்திலேயே கவனமாக வைத்துவிட்டு, நன்றி சொல்லி, தன் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டார்.